செடிக்கேற்ற உரம்

ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் செல்லும் இருப்புப்பாதையில் குப்பத்தை அடுத்து வருவது குடுபல்லி. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்தொலிக்கும் இவ்வட்டாரத்துச் செம்மண்ணில் நீர் எளிதில் வடியும், தழைச்சத்தோ குறைவு. அக்குறையை நீக்க எண்ணி, வீட்டுத்தோட்டத்தில் எல்லாச் செடிக்கும் ஒரே அளவாக யூரியா இடுவோர் உளர். அதில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து. கீரை செழிக்கும், தக்காளியோ இலை பெருகிக் காய் குறையும்.

கீரைக்கும் முட்டைக்கோசுக்கும் தழைச்சத்து மிகுதியும் வேண்டும். தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு நடுமுன் மட்கிய தொழுவுரமும் மணிச்சத்தும், பூக்குங்கால் சாம்பற்சத்தும் இடுக. அவரைக்கும் காராமணிக்கும் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களே காற்றிலிருந்து தழைச்சத்தை ஈட்டித் தரும்; ஜெர்மானிய அறிஞர் ஹெல்ரீகல் 1886-இல் இதனை விளக்கினார். முள்ளங்கிக்குப் பசுஞ்சாணம் ஆகாது, கிழங்கு கவைத்துப்போகும்.

விறகுச் சாம்பல் சாம்பற்சத்து உடையது. ஆயினும் அதனைச் சாணத்தோடும் யூரியாவோடும் கலத்தலாகாது. தழைச்சத்து ஆவியாய் அகலும். தனியே தூவுக.

வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு முளைக்கீரையையும் கொத்தவரையையும் கொல்லைப்புறமே தரவேண்டும். ஆதலின், ஒவ்வொரு செடியின் பசியறிந்து ஊட்டுவோமாக.