பாறைக்குள் நீர் தேடும் நான்கு கம்பிகள்

ஏற்காட்டை அடுத்த மாரமங்கலம் இருக்கும் சேர்வராயன் மலை, சார்னோகைட் என்னும் கடும்பாறையால் ஆனது. விரிசலற்ற பாறையில் மின்சாரம் எளிதில் ஓடாது. மின்தடை எண் ஆயிரக்கணக்கான ஓம் மீட்டருக்கு எகிறும். சிதைந்து நீர் ஊறிய இடத்தில் அது வெகுவாக இறங்கிவிடும்.

போர்வெல்லுக்கு இடம் பார்க்கும் நிலவியலாளர்கள் நம்புவது இந்த வேறுபாட்டைத்தான். 4 கம்பிகளை நேர்கோட்டில் தரையில் அடிக்கிறார்கள். வெளிக்கம்பிகள் மின்னோட்டம் செலுத்த, உள்கம்பிகள் மின்னழுத்தத்தை அளக்கின்றன. இடைவெளியை விரிக்க விரிக்க ஆழத்தின் சேதி கிடைக்கிறது. சரிவான காப்பித் தோட்டத்தில் நீண்ட நேர்கோடு கிடைப்பதே பெரும்பாடு! ஆனாலும், நீர் இருந்தால் உள்ளங்கையில் வைத்த தேங்காய் எழும்பும் என்று நம்பித் துளைபோடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

அமெரிக்காவின் ஃபிராங்க் வென்னர் 1915இல் விளக்கிய நான்குமுனை முறை இது. சிலிக்கன் தகட்டின் பரப்பில் மின்தடை இடத்துக்கு இடம் மாறுவதை நுண்ணூசிகளால் அளப்பதும் இதே வழியில்தான்.