மயிர்க்கொட்டி நூல்

முருங்கை மரத்தில் அப்பியிருக்கும் மயிர்க்கொட்டியைக் கண்டு விலகி நடவாதார் இலர். பிரெஞ்சு மக்களோ அதன் பெயரையே ஒரு நூலுக்குச் சூட்டினர். 'ஷெனில்' என்னும் சொல்லுக்கு அவர்தம் மொழியில் மயிர்ப்புழு என்பதே பொருள். நூலில் ஒரு சாண் எடுத்து உற்று நோக்கின் பெயரின் பொருத்தம் விளங்கும். நடுவே மெல்லிய உடல். சுற்றிலும் சிலிர்த்த மயிர்.

திண்டு உறை, போர்வை, மெத்தை நாற்காலியின் மேற்றுணி, குளிர்கால மேலங்கி எனப் பல வடிவில் இத்துணி இன்று வீடுகளில் வழங்குகின்றது. கவனக் குறைவாற் கெடுவதைப் போலவே மிகுந்த கவனத்தாலும் இது கெடுவதுண்டு. அழுக்கை அகற்றும் ஆர்வத்திற் கசக்கிப் பிழிந்து கொடியிலிட்ட போர்வை, மறுநாள் ஓரிடத்தில் நீண்டும் ஓரிடத்தில் மயிருதிர்ந்தும் காணப்படும். இதன் காரணம் நூலின் அமைப்பிலேயே உள்ளது.

இரண்டு மெல்லிய இழைகளை ஒன்றோடொன்று முறுக்கும்போது அவற்றினிடையே குறுந்துணுக்குகளான நூல் குறுக்காகச் சிக்கிக்கொள்கின்றது. அத்துணுக்குகளே மயிராகச் சிலிர்த்து நிற்பவை. அவற்றுக்கு முடிச்சு இல்லை. முறுக்கின் பிடி ஒன்றே ஆதாரம். பிடி தளர்ந்தால் மயிர் உதிரும். இக்குறையை நீக்கும்பொருட்டு, எளிதில் உருகும் நைலோன் இழையையும் உடன் முறுக்கி, நீராவியால் இளக்கி மயிரைப் பிணிக்கும் முறை வழக்கிற்கு வந்தது. ஆயினும் எல்லா நூலும் அவ்வாறு செய்யப்பட்டதென எண்ணலாகாது.

ஸ்கொத்லாந்தின் பெயிஸ்லி நகரத்து ஆலையொன்றில் மேற்பார்வையாளராயிருந்த அலெக்சாண்டர் புக்கனன் என்பவர், 1830களில், சால்வைகளுக்கென இந்நூலைச் செய்யும் வழியொன்றைக் கண்டார். வண்ணக் கம்பளியை முதலில் துணியாக நெய்து, அத்துணியை ஒடுங்கிய கீற்றுகளாக அரிந்து, கீற்றுகளைச் சூடான உருளைகளிடையே செலுத்தி மயிராக்கினர். நூலால் துணி நெய்வதே உலக வழக்கு. இங்கே துணியை அரிந்து நூல் பெற்றனர்! 1839இல் ஜேம்ஸ் டெம்பிள்டன், வில்லியம் குயிக்லி என்னும் இருவரும் இம்முறையைத் திருத்தித் தரைவிரிப்புக்கு உரியதாக்கிக் காப்புரிமை பெற்றனர்.

இதே பெயரில் வேறொரு துணியும் உண்டு. அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்து டால்ட்டன் ஊரவரான கதரின் எவன்ஸ் என்னும் இளம்பெண், 1895இல், சாதாரண வெண்துணியிற் பருத்த பருத்தி நூலைத் தைத்து, தையல்களை வெட்டிக் குஞ்சங்களாக்கி, ஒரு கட்டில் விரிப்பைச் செய்தார். 1900இல் அத்தகைய விரிப்பொன்றை இரண்டரை டொலருக்கு விற்றார். அயலிலுள்ள பெண்களும் இத்தொழிலைப் பயின்றனர். நெடுஞ்சாலையோரத்துக் கொடிகளில் விரிப்புகள் வரிசையாகத் தொங்கின. இவ்விரிப்பு வெந்நீருக்கு அஞ்சுவதன்று. கொதிநீரில் இட்டால் அடித்துணி சுருங்கிக் குஞ்சங்களை இறுகப் பற்றிக்கொள்ளும். செய்முறையின் இறுதிப் படியே அதுதான்.

ஆகவே, ஒன்றுக்கு உறுதி தரும் சலவை மற்றொன்றுக்குக் கேடாகலாம். துணியைத் திருப்பிப் பார்த்தல் வேண்டும். பின்புறத்தில் வெறும் துணியும் தையல் வரிசைகளும் தெரிந்தால் அது குஞ்ச விரிப்பு. அதனைத் தயங்காது கழுவி, உலர்ந்தபின் நன்றாக உதறலாம். குஞ்சங்கள் தாமே எழும். மயிர்நூலே ஊடும் பாவுமாகக் கலந்து ஓடுமாயின் அது நெய்த துணி. முதலில் அதிலுள்ள குறிப்புச் சீட்டைப் படித்தல் வேண்டும். உலர்சலவை மட்டுமே எனக் கூறின், அதனை மீறலாகாது. ரேயோன் இழை நனைந்தவுடன் வலிமை பெரிதும் குன்றுவது. நீரிற் கழுவத்தக்கதாயின், குளிர்ந்த நீரில் மென்மையான சவர்க்காரத்தைக் கரைத்து, துணியை அமிழ்த்திக் கையால் மெல்ல அழுத்தினாற் போதும். தேய்த்தலும் முறுக்கிப் பிழிதலும் கூடா. அலசியபின் உலர்ந்த துவாயிற் சுருட்டி ஈரத்தை ஒற்றியெடுத்து, நிழலில் தட்டையாகப் பரப்புக. கொடியிற் போட்டால் நீரின் பாரமே துணியை இழுத்துவிடும். ஸ்திரிக்கைப் பெட்டியும் வேண்டியதில்லை; அது மயிரை நசுக்கிப் பளபளப்பான வடுவை விட்டுச் செல்லும். உலர்ந்தபின் மென்மையான தூரிகையால் மயிர் சாயும் திசையிலே தடவுதல் நன்று.

இந்நூலாற் பின்னுவோர் நெருக்கமாகப் பின்னுதல் வேண்டும். தளர்ந்த பின்னலில் நூல் புழுவைப்போலவே நெளிந்து வெளியே தலைகாட்டும். மோதிரமோ பூனையின் நகமோ பட்டும் இவ்வாறு நேர்வதுண்டு. அப்போது நூலை இழுத்தலும் வெட்டுதலும் ஆகா. வெட்டிய முனையிலிருந்து மயிர் ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும். மழுங்கிய ஊசியொன்றால் அதனைப் பின்புறமாக உள்ளே தள்ளிவிடுதலே தக்கது.

மாரிக்காலத்தில், ஈரம் முற்றாக உலருமுன் இத்துணியை மடித்துப் பெட்டியில் வைத்தலாகாது. பருத்தியும் ரேயோனும் பூஞ்சணம் பிடிக்கும் இயல்பின. மேலே பாரம் ஏற்றாது, மடிப்பை இடையிடையே மாற்றி வைத்தால் மயிர் படிந்து தழும்பாகாது.