ஞானப்பல்லை எப்போது எடுக்க வேண்டும்?

கடைவாயின் கோடியில், பெரும்பாலும் 17 முதல் 25 வயதுக்குள் முளைப்பவை ஞானப்பற்கள். மேலே இரண்டு, கீழே இரண்டு. சிலருக்கு ஒன்றிரண்டு உருவாவதே இல்லை. மற்ற 28 பற்களும் இடம்பிடித்த பிறகு வருவதால், தாடை சிறியதாக இருந்தால் இவற்றுக்கு இடம் போதாது. அப்போது பல் எலும்புக்குள்ளேயே புதைந்து கிடக்கும். அல்லது சாய்ந்து, பக்கத்துக் கடைவாய்ப்பல்லில் முட்டி நின்றுவிடும்.

புதைந்திருப்பது மட்டுமே நோயாகாது. அதனால் கேடு விளைகிறதா என்பதே கேள்வி.

அடிக்கடி வரும் தொல்லை ஈறு வீக்கம். பாதி முளைத்த பல்லின் மேல் ஈறு ஒரு மடலாகப் படிந்திருக்கும். அதனடியில் சோற்றுப் பருக்கையும் கிருமியும் தங்கும். பிரஷ் அங்கே எட்டாது. ஈறு வீங்கிச் சீழ் பிடிக்கும், வாய் திறக்க முடியாது, விழுங்கினால் வலிக்கும். முதல்முறை லேசாக வந்தால் சுத்தம் செய்து மருந்து கொடுத்தே ஆற்றலாம். திரும்பத் திரும்ப வந்தால் பல்லை எடுப்பதுதான் தீர்வு.

இரண்டாவது காரணம் சொத்தை. ஞானப்பல் சொத்தையாகி, அடைக்க முடியாத நிலைக்குப் போனால் எடுக்க வேண்டியதுதான். அதைவிடப் பெரிய நஷ்டம், அது சாய்ந்து நிற்கும் இடுக்கில் உணவு தேங்கி, நன்றாக மெல்லும் பக்கத்துப் பல்லும் சொத்தையாவது. மூன்றாவது, புதைந்த பல்லைச் சுற்றி நீர்க்கட்டி உருவாவது. இது அரிது, ஆனால் வலியே இல்லாமல் வளர்ந்து தாடை எலும்பை அரிக்கும். தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு தொடங்கும் முன்பும், பின்னால் சிக்கல் தரக்கூடிய பற்களை எடுத்துவிடுவார்கள்.

முன்பற்கள் நெருக்கிக்கொண்டு கோணலாகும் என்ற பயத்தில் எடுப்பதற்கு ஆய்வுகளில் போதிய ஆதாரம் இல்லை. நோயில்லாத புதைந்த பல்லை முன்னெச்சரிக்கையாக எடுக்க வேண்டாம் என்று பிரிட்டனில் 2000ஆம் ஆண்டிலேயே வழிகாட்டுதல் வந்துவிட்டது. அமெரிக்காவிலோ இளவயதிலேயே எடுத்துவிடும் வழக்கம் பரவலாக உண்டு.

நோயில்லாத பல்லை எடுக்கத் தயங்குவதற்கு ஒரு முக்கியக் காரணம் நரம்பு. கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்வு தரும் நரம்பு, கீழ் ஞானப்பல்லின் வேரை ஒட்டியே ஓடுகிறது. அது அடிபட்டால் உதடு மரத்துப்போகும். பெரும்பாலும் சரியாகிவிடும், அபூர்வமாக நிலைத்தும்விடும். அதனால்தான் முழுத் தாடையையும் காட்டும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறார்கள். நரம்பும் வேரும் மிக நெருக்கமாக இருந்தால், வேரை விட்டுவிட்டுப் பல்லின் தலைப்பகுதியை மட்டும் வெட்டியெடுக்கும் முறையும் உண்டு.

எடுக்கத்தான் வேண்டும் என்றானால் தள்ளிப்போட வேண்டாம். வயது ஏற ஏற எலும்பு இறுகும், ஆறுவதும் தாமதமாகும். எடுத்த பிறகு புகைப்பது, வேகமாகக் கொப்பளிப்பது, ஸ்ட்ராவில் உறிஞ்சுவது கூடாது. குழியில் உறைந்த ரத்தம் பெயர்ந்தால் எலும்பு வெளிப்பட்டு, இரண்டு மூன்று நாளில் கடும் வலி எடுக்கும்.

பல்லை எடுக்கச் சொன்னால், “என்ன காரணத்துக்காக, டாக்டர்?” என்று தயங்காமல் கேளுங்கள். வேண்டாம் என்று விட்ட பல்லை அவ்வப்போது பரிசோதித்துக்கொள்ளுங்கள். வீக்கம் கழுத்துக்கு இறங்கினாலோ, காய்ச்சலுடன் வாய் திறக்க முடியாமல் போனாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானாலோ கிராம்புத் தைலத்தை நம்பிக் காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.