முயலுக்குச் சொறியா? ஒரே ஊசியோடு நிறுத்தாதீர்கள்

முயல் அடிக்கடி தலையை உதறுகிறது. பின்னங்காலால் காதைச் சொறிகிறது. நேற்றுவரை நிமிர்ந்து நின்ற காது ஒன்று தொங்கிக் கிடக்கிறது. தூக்கிப் பார்த்தால், காதின் உட்புறம் தவிட்டை ஈரமாக்கி அப்பியதுபோல் பழுப்பு நிறத்தில் பக்கு கட்டியிருக்கிறது. முயல் வளர்ப்போர் மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் அதிகம் பார்க்கும் காதுச் சொறி இதுதான்.

இதற்கு மருந்து உண்டு. மருந்தின் விலையும் அதிகமில்லை. ஆனாலும் பத்துத் தாய் முயல்களோடு பண்ணை தொடங்கிய பலர், ஓராண்டுக்குள் கூண்டுகளை விற்றுவிட்டு ஒதுங்குவதற்குச் சொறி ஒரு முக்கியக் காரணமாக இருப்பதைக் களத்தில் பார்க்கிறேன். மருந்து வேலை செய்யாததால் இப்படி நடப்பதில்லை. ஒரு ஊசி போட்டு, பக்கு உதிர்ந்ததும் நோய் போய்விட்டதாக நினைத்து நிறுத்திவிடுகிறார்கள். மூன்று வாரத்தில் சொறி திரும்ப வருகிறது. பிறகு விலை கூடிய மருந்துகளைத் தேடி அலைகிறார்கள்.

சொறியை உண்டாக்குவது மிக நுண்ணிய உண்ணி. மாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் உண்ணியைப் போல் இதைக் கையால் பிடுங்க முடியாது. முயலில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. காதுக்குள் பக்கு கட்ட வைப்பது சோரோப்டிஸ் என்ற வகை. மூக்கு நுனி, உதடு, கண்ணைச் சுற்றிய பகுதி, கால் விரல்கள் ஆகிய இடங்களில் முடி கொட்டிச் சாம்பல் நிறத்தில் தடித்துப் போனால், அது தோலைக் குடைந்து உள்ளே வாழும் சார்கோப்டிஸ் வகை. இரண்டாவதுதான் ஆபத்து கூடியது. வாயைச் சுற்றிப் புண்ணான முயல் தீவனம் எடுக்காது. கவனிக்காமல் விட்டால் மெலிந்து இறந்துவிடும்.

காதுப் பக்கில் சிறு துண்டை எடுத்துக் கறுப்புத் துணியில் வைத்து, வெயிலில் சில நிமிடம் காட்டிப் பாருங்கள். வெள்ளைப் புள்ளிகள் மெல்ல நகர்ந்தால் அவை காது உண்ணிகள். சாதாரண உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். சார்கோப்டிஸ் இப்படித் தெரியாது. அதற்குக் கால்நடை மருத்துவர் தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். வட்ட வட்டமாக முடி மட்டும் கொட்டி, அரிப்பு அதிகம் இல்லையென்றால் அது படர்தாமரையாக இருக்கலாம். அது பூஞ்சையால் வருவது. சொறி ஊசி அதற்குப் பயன்படாது. ஆகவே ஊசிக்கு முன் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுவதே சிக்கனம். அரசு கால்நடை மருந்தகத்துக்கு முயலைக் கூடையில் எடுத்துச் செல்வது பெரிய வேலை இல்லை.

மருந்தும் அளவும்

சொறிக்குப் பரவலாகப் பயன்படுவது ஐவர்மெக்டின் 1 சத ஊசி மருந்து. ஒரு மி.லி.யில் 10 மில்லிகிராம் மருந்து இருக்கும். முயலுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.2 முதல் 0.4 மில்லிகிராம் வரை தோலுக்கடியில் போடுவது வழக்கம். எந்த அளவு என்பதை நோயின் தீவிரத்தையும் முயலின் நிலையையும் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார்.

இந்த மருந்தில் பெரிய தவறு நடப்பது அளவில்தான். இது மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஏற்ற செறிவில் தயாரித்தது. கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், இரண்டரைக் கிலோ முயலுக்குத் தேவை 0.05 மி.லி. மட்டுமே, அதாவது ஒரு மி.லி.யில் இருபதில் ஒரு பங்கு. ஆட்டுக்குப் போடும் 2 மி.லி. சிரிஞ்சில் கண்ணளவாக ‘கால் மி.லி.’ எடுத்தால் ஐந்து மடங்கு மருந்து உள்ளே போய்விடும். அளவு மிஞ்சினால் முயல் சோர்ந்து தள்ளாடும், உமிழ்நீர் வடிக்கும், இறக்கவும் கூடும். இதை முறிக்கத் தனி மாற்று மருந்து கிடையாது.

ஆகவே இன்சுலின் சிரிஞ்சையே பயன்படுத்துங்கள். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. சிவப்பு மூடியுள்ள சிரிஞ்சில் ஒரு மி.லி.க்கு 40 யூனிட், ஆரஞ்சு மூடியுள்ளதில் 100 யூனிட். மேலே சொன்ன 0.05 மி.லி. என்பது சிவப்பு மூடியில் 2 யூனிட், ஆரஞ்சு மூடியில் 5 யூனிட். ‘அஞ்சு கோடு போடு’ என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதைக் கேட்டுச் சிவப்பு மூடியில் 5 யூனிட் எடுத்தால், அது இரண்டரை மடங்கு. மருத்துவர் அளவு சொல்லும்போதே உங்கள் கையில் உள்ள சிரிஞ்சைக் காட்டி, எந்தக் கோடு என்று குறித்துக்கொள்ளுங்கள். முயலைத் தராசில் நிறுத்த பிறகே மருந்தை எடுங்கள். பையில் போட்டுத் தொங்கவிடும் சிறிய தராசே போதும். குறைவாக எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று மருந்தில் தண்ணீர் கலக்காதீர்கள். மருந்து தண்ணீரோடு சரியாகக் கலக்காது. ஒரு முயலுக்கு ஏறும், அடுத்ததற்கு ஏறாது. சினை முயல், பால் கொடுக்கும் தாய், கண் திறக்காத குட்டி ஆகியவற்றுக்கு நீங்களாக ஊசி போட வேண்டாம்.

இப்போது செலவைக் கணக்கிடுங்கள். பத்துத் தாய், இரண்டு கிடா, தலைக்கு இரண்டரைக் கிலோ என்றால் ஒரு சுற்றுக்கு 0.6 மி.லி. மூன்று சுற்றுக்கு 1.8 மி.லி. அளவை இரட்டித்தாலும் 4 மி.லி. தாண்டாது. சிறிய புட்டி ஒன்றே போதும். முயலுக்கு ஒரு சிரிஞ்சு என்று வாங்குங்கள். ஒரே ஊசியை எல்லா முயலுக்கும் குத்தி மிச்சப்படுத்தும் காசு, சீழ்க்கட்டி வந்தால் இரண்டு மடங்காகப் போய்விடும்.

ஏன் மூன்று சுற்று? ஐவர்மெக்டின் உயிருள்ள உண்ணியைக் கொல்லும், முட்டையை ஒன்றும் செய்யாது. ஊசி போட்ட சில நாட்களில் முட்டைகள் பொரியும். பொரித்தவை வளர்ந்து மறுபடி முட்டையிட இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். அந்த இடைவெளிக்குள் அடுத்த ஊசி விழ வேண்டும். முதல் ஊசியிலிருந்து 10 முதல் 14 நாளில் இரண்டாவது, அதே இடைவெளியில் மூன்றாவது. பக்கு உதிர்ந்து முயல் பளபளவென்று இருந்தாலும் தேதி தவறக் கூடாது. ஊசி போட்ட அன்றே அடுத்த தேதிகளைக் கூண்டின் மேல் சுண்ணாம்புக்கட்டியால் எழுதிவிடுங்கள். சொறி தெரியும் முயலுக்கு மட்டுமல்ல, அதே கொட்டகையில் உள்ள எல்லா முயலுக்கும் சிகிச்சை வேண்டும். பார்வைக்கு நன்றாக இருக்கும் முயலில்தான் அடுத்த சுற்றுச் சொறி காத்திருக்கும்.

காதுப் பக்கைப் பிய்த்து எடுக்காதீர்கள். அடியில் தோல் பச்சைப் புண்ணாக இருக்கும், இரத்தம் கசியும், முயல் வலியில் துடிக்கும். ஊசி வேலை செய்யத் தொடங்கினால் ஒன்றிரண்டு வாரத்தில் தானே உதிரும். வேண்டுமானால் தேங்காய் எண்ணெய் சில சொட்டு விட்டு ஊறவிடலாம். வேப்பெண்ணெய், புங்கன் எண்ணெய் தடவுவோர் உண்டு. லேசான தொடக்க நிலையில் அதனால் கொஞ்சம் தணியலாம். தோலுக்குள் குடைந்த உண்ணிக்கு அதை மட்டும் நம்புவது வீண். முயல் தன் உடலை நக்கிச் சுத்தம் செய்யும் பிராணி என்பதையும் மறக்க வேண்டாம். பழைய இன்ஜின் ஆயில், வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்து இரண்டையும் எந்தக் காரணத்துக்காகவும் முயல் மேல் படவிடாதீர்கள். நாய்க்கு உண்ணி ஒழிய ஊற்றும் ஃபிப்ரோனில் மருந்தும் முயலுக்கு விஷம். கடைக்காரர் ‘இதுவும் உண்ணி மருந்துதான்’ என்று கொடுத்தாலும் வாங்காதீர்கள். முயலைக் குளிப்பாட்டவும் வேண்டாம்.

கூண்டில் மிச்சமிருப்பவை

காது உண்ணி முயலை விட்டு உதிர்ந்த பிறகும், குளிர்ந்த ஈரமான இடத்தில் இரண்டு மூன்று வாரம்கூட உயிரோடு இருக்கும். உதிர்ந்த பக்கு, முடி, பிரசவப் பெட்டியில் போட்ட தேங்காய் நார் எல்லாமே அதற்கு இருப்பிடம். ஒவ்வொரு ஊசி நாளிலும் கூண்டைக் காலி செய்து, நாரையும் குப்பையையும் எரித்துவிடுங்கள். கம்பிக் கூண்டு என்றால் தீ ஊதும் விளக்கால் வலை முழுக்க ஒருமுறை காட்டினால் போதும். அக்கம்பக்கத்துப் பண்ணைகளோடு சேர்ந்து ஒன்று வாங்கிச் சுற்றுக்கு விடலாம். மரப் பெட்டிகளைக் கொதிநீர் ஊற்றித் தேய்த்து நல்ல வெயிலில் காயவையுங்கள். வெயில் பெட்டிக்குத்தான், முயலுக்கு அல்ல. முயல் வெப்பம் தாங்காது.

உங்கள் முன்கையிலோ வயிற்றிலோ சிவந்து அரித்தால் அதுவும் முயலிடமிருந்து வந்திருக்கலாம். முயலின் சார்கோப்டிஸ் மனிதத் தோலில் தொடர்ந்து பெருகாது. முயல்கள் குணமானால் அரிப்பும் அடங்கும். அதுவரை முழங்கை மூடும் சட்டையும் கையுறையும் போட்டு வேலை செய்யுங்கள், பிறகு சோப்பால் கழுவுங்கள், குழந்தைகளைக் கொஞ்ச விடாதீர்கள். அரிப்பு நீடித்தால் தோல் மருத்துவரிடம் முயல் வளர்ப்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வீட்டில் வெள்ளெலி வளர்க்கும் சிலரும் இதே மருந்தைப் பற்றிக் கேட்கிறார்கள். மருந்து அதேதான். ஆனால் 300 கிராம் எலிக்கு வேண்டியது 0.006 மி.லி. இன்சுலின் சிரிஞ்சிலும் அதை அளக்க முடியாது. அதை மருத்துவர் கையில் விட்டுவிடுங்கள். விரிப்பை மாற்றுவது, கூண்டைக் கொதிநீரில் கழுவுவது, சேர்ந்திருக்கும் எல்லா எலிக்கும் சிகிச்சை தருவது ஆகியவை மட்டுமே உங்கள் வேலை.

இறைச்சிக்கு விற்கும் முயலாக இருந்தால், கடைசி ஊசியிலிருந்து குறைந்தது 5 வாரமாவது விற்காமல் வைத்திருங்கள். மருந்து கொழுப்பில் தங்கக் கூடியது. சந்தையிலிருந்தோ வேறு பண்ணையிலிருந்தோ முயல் வாங்கும்போது காதுக்குள்ளும், மூக்கு நுனியிலும், நகத்தின் அடியிலும் பார்த்து வாங்குங்கள். வந்ததும் மூன்று வாரம் தனிக் கூண்டில் வைத்து, மற்ற முயல்களுக்கெல்லாம் தீவனம் வைத்த பிறகு கடைசியாக அதற்கு வையுங்கள்.