கணினி அறைக் குறிப்புகள் – 9: ‘ரௌட்டர் ரீஸ்டார்ட். சரி.’

எங்கள் கல்லூரியின் இரண்டாவது கணினி ஆய்வகக் கதவோரம், சணல் கயிற்றில் கட்டிய பேனாவோடு ஒரு நீள நோட்டு தொங்கும். அட்டையில் ‘கம்ப்ளைன்ட்’ என்று மார்க்கரில் எழுதியிருக்கும். உள்ளே தேதி, சிஸ்டம் நம்பர், குறை, கையெழுத்து என நாலு கட்டம். ஒருநாள் ஏதோ தேடப்போய் அதைப் புரட்டினேன். ‘14ஆம் சிஸ்டம், நெட் வரலை.’ எதிரே ஆய்வக உதவியாளரின் முத்து முத்தான கையெழுத்தில், ‘ரௌட்டர் ரீஸ்டார்ட். சரி.’ அடுத்த பக்கமும் அதேதான். சிஸ்டம் நம்பர் மட்டும் மாறியிருந்தது.

அதே வாரம் மூன்றாமாண்டு வகுப்பில் நான் நடத்திக்கொண்டிருந்த பாடம் ஐ.டி. சர்வீஸ் மேனேஜ்மென்ட். கணினியை ஓடவைப்பதை ஆளுக்கொரு கைவைத்தியமாக விட்டுவிடாமல், ஓர் ஒழுங்கான சேவையாக நடத்துவது எப்படி என்கிற பாடம். வந்த குறையை எப்படிப் பதிவது, எதை முதலில் கவனிப்பது, எதை எப்போது மாற்றலாம் என்பதெல்லாம் அதில் அடங்கும். 1980களின் கடைசியில் பிரிட்டன் அரசின் சி.சி.டி.ஏ. என்ற அமைப்பு தன் துறைகளுக்காகத் தொகுக்கத் தொடங்கிய ஐ.டி.ஐ.எல். நூல்கள்தான் இதற்கு மூலம். 2019இல் வெளிவந்த நான்காம் பதிப்பில் 34 நடைமுறைகள். ஆரம்பநிலைச் சான்றிதழ்த் தேர்வில் 40 கேள்விகள், 60 நிமிடம்; 26 சரியாக இருந்தால் தேர்ச்சி. ஒரு குறையைக்கூடக் கையால் தொடாமல் அந்த 26ஐ எடுத்துவிட முடியும். நான் அப்படித்தான் எடுத்தேன்.

பாடத்தில் எல்லோரும் இடறும் இடம் ஒன்று உண்டு: ‘இன்சிடென்ட்’ வேறு, ‘ப்ராப்ளம்’ வேறு. நின்றுபோன சேவையை மறுபடி ஓடவைப்பது முதலாவது. ஏன் நின்றது என்று தோண்டுவது இரண்டாவது. கரும்பலகையில் இரண்டு வட்டம் போட்டு அம்புக்குறி இழுத்தேன். கொட்டாவிதான் பதில்.

ஆம்பூரிலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்தாள். “சார், எங்கம்மா ஷூ கம்பெனியில செக்கிங்ல இருக்காங்க. தையல் விட்ட அப்பர் ஒண்ணு வந்தா ரீவொர்க்குக்கு அனுப்பிடுவாங்க. ஒரே மிஷின்ல இருந்து மூணு வந்துச்சுன்னா, நாலாவதுக்குக் காத்திருக்க மாட்டாங்க. போய் மிஷினை நிறுத்தச் சொல்லுவாங்க. அதானே சார் இது?”

அதேதான். இருபது நிமிடம் நான் சொல்லி ஏறாதது அவள் சொன்னதும் வகுப்புக்கு ஏறிவிட்டது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் யாராவது ஒருவர் கட்டிங்கிலோ ஸ்டிச்சிங்கிலோ இருப்பார். விடிந்ததும் கம்பெனி வேன் வந்து நிற்கும் தெருக்கள் அவை. இந்தப் பாடத்தின் பாதி அந்த வேனிலேயே போய் வருகிறது. நாங்கள்தான் இங்கிலீஷ் பெயர் சூட்டிப் பயமுறுத்துகிறோம்.

‘சர்வீஸ் லெவல்’ என்பதற்கும் அதன்பின் ஊரிலேயே உதாரணம் தேடினேன். சேவை எந்த அளவில் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே எண்ணில் எழுதிக்கொள்வதுதான் அது. பாலாற்றைக் கெடுத்த தோல் தொழிற்சாலைக் கழிவுநீர் குறித்து வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991இல் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே செலவையும் ஏற்க வேண்டும் என்று நிலைநாட்டி, தோல் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்த தீர்ப்பு அது. பல தொழிற்சாலைகளின் கழிவுநீரைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஏற்பது கிட்டத்தட்ட ஒரு பொது சர்வர் மாதிரி. நீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று இங்கே வரம்பு வைத்தார்கள். சர்வீஸ் லெவல் என்றால் அப்படி ஓர் எண்தான் என்றேன். “எண் இருந்துமா சார் பாலாறு இப்படி ஆச்சு?” என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் கேட்டான். எழுதி வைத்த எண்ணை யார் அளப்பது, தாண்டினால் யார் கேட்பது என்பது அடுத்த பாடம். ஒரு பீரியட் முழுக்க அதிலேயே போனது.

நோட்டுக்கு வருகிறேன். அதை நாலு பேர் கொண்ட குழுவிடம் கொடுத்தேன். இப்படிக் குறைகளைப் பதிவதற்கென்றே, நம் மாநிலத்தில் வேர்கொண்ட ஜோஹோவும் ஃப்ரெஷ்வொர்க்ஸும் செய்து உலகெங்கும் விற்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. நாங்கள் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டோடு நிறுத்திக்கொண்டோம். குறைகளைத் தேதிவாரியாக அடுக்கியதும் ஒன்று துலங்கியது: ‘நெட் வரலை’ எல்லாம் விடுமுறை முடிந்து கல்லூரி திறக்கும் நாட்களில் குவிந்திருந்தது.

காரணம் இதுதான். நெட் கிடைக்க ஒவ்வொரு கருவிக்கும் ரௌட்டர் ஓர் எண் தர வேண்டும். எங்களிடம் இருந்தவை 250 சொச்சம். ஒருமுறை கொடுத்த எண்ணை எட்டு நாள் அதே கருவிக்கே ஒதுக்கி வைக்கும்படி யாரோ எப்போதோ அமைத்திருந்தார்கள். ஆய்வக சிஸ்டமும் மாணவர்களின் செல்போனும் ஒரே வரிசை. நீண்ட விடுமுறையில் சிஸ்டங்களின் எண்கள் காலாவதியாகிவிடும். திறக்கும் நாள் ஒன்பது மணிக்கே செல்போன்கள் வந்து எண்களை அள்ளிக்கொள்ளும். பதினொரு மணிக்கு ஆய்வகத்தைத் திறந்தால் 14ஆம் சிஸ்டத்துக்கு எண் இல்லை. ரௌட்டரை அணைத்துப் போட்டால் அதன் கணக்கு அழிந்து எண் கிடைக்கும். ‘சரி’ என்று எழுதியதில் பொய்யே இல்லை.

ஆய்வக சிஸ்டங்களுக்கென்று எண்களைத் தனியே ஒதுக்கிவிட்டால் போதும். பையன்கள் அப்போதே மாற்றத் துடித்தார்கள். நான் விடவில்லை. மறுநாள் பிராக்டிகல் தேர்வு. வெளியிலிருந்து எக்ஸ்டர்னல் வருகிறார். 2024 ஜூலை 19 நினைவிருக்கிறதா? கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் அனுப்பிய ஒரு கோளாறான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். சிறு மாற்றம்தானே என்று அதை எல்லா இடத்துக்கும் ஒரே மூச்சில் அனுப்பியதன் விலை அது. எனவே ஒரு தாள் எழுதச் சொன்னேன்: என்ன மாற்றம், யாருக்குப் பாதிப்பு, எப்போது செய்வது, கெட்டுப்போனால் பழையபடி வைப்பது எப்படி. தேர்வெல்லாம் முடிந்த சனிக்கிழமை மாலை மாற்றினார்கள். ஆன நேரம் மூன்று நிமிடம்.

நான் கோட்டைவிட்டது வேறிடத்தில். குழு தன் அறிக்கையைத் துறையில் வாசித்தபோது ஆய்வக உதவியாளரைக் கூப்பிட மறந்துவிட்டேன். மறுநாள் என் மேசைக்கு வந்தார். “பதினஞ்சு வருஷமா ஓடி ஓடிப் பாக்குறேன். இப்ப என் மேலயே கம்ப்ளைன்ட்டா சார்?” என்றார். ஐ.டி.ஐ.எல்.லில் இதற்கு விடை இருக்கத்தான் செய்கிறது. அந்த நேரத்தில் எனக்கு வாய் வரவில்லை. அவர் எழுதி வைக்காமல் போயிருந்தால் பிள்ளைகளுக்குத் தடயமே கிடைத்திருக்காது என்பதை இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னேன். இப்போது அவர்தான் அந்தக் குழுவுக்குத் தலைமை. பிள்ளைகள் ‘அண்ணா’ என்கிறார்கள். முறை போட்டுக்கொண்டு தினம் ஒரு மணி நேரம் குறை வாங்குகிறார்கள்.

எது முதலில் என்று அவரே சொல்லித்தருகிறார். நாள்தோறும் ஆயிரக்கணக்கில் நோயாளிகள் வரும் வேலூர் சி.எம்.சி. போன்ற ஓரிடத்தில் பில் கவுன்டர் கணினி நிற்பதும், ஏதோ ஓர் அலுவலக அறையின் பிரின்டர் நிற்பதும் ஒன்றா என்று கேட்கிறார். எத்தனை பேருக்குப் பாதிப்பு, எவ்வளவு அவசரம் என்று புத்தகம் அட்டவணை போட்டுச் சொல்வதும் அதையேதான்.

இதைப் படிக்கும் கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஆய்வகக் கதவிலும் இப்படி ஒரு நோட்டு தொங்கும். மூன்றாமாண்டுப் பிள்ளைகளிடம் அதைக் கொடுங்கள். அறிக்கை வாசிக்கும் நாளில், அதில் கையெழுத்துப் போட்டவரை முன்வரிசையில் உட்கார வையுங்கள்.

(தொடரும்)