இறப்பர் பால் ஏன் நுரைக்கிறது?

வரக்காப்பொல பக்கத்து இறப்பர் தோட்டங்களில், பாலைத் தட்டில் ஊற்றி போமிக் அமிலம் கலந்ததும் மேலே திரளும் நுரையை உடனே வழித்தெடுப்பார்கள். விட்டால் குமிழிகள் ஷீட்டுக்குள் சிக்கித் தரம் இறங்கிவிடும். பாலிலுள்ள புரதங்கள் காற்றைச் சுற்றித் தோல் போலப் படிவதால்தான் அந்த நுரை எளிதில் உடைவதில்லை.

வழித்துக் கொட்டும் அதே நுரைதான் மெத்தைக்கு உயிர். 1929இல் பிரித்தானியாவின் டன்லப் நிறுவனத்தில் பாலோடு சவர்க்காரம் சேர்த்து அடித்து நுரைக்க வைத்தார்கள். நுரை வடிந்துவிடாதா? அதற்குள் பாலை உறைய வைக்கும் மருந்தைக் கலந்து, அச்சில் ஊற்றிச் சூடாக்கினார்கள். முன்பே சேர்த்த கந்தகம் சூட்டில் இறப்பர் இழைகளைப் பிணைத்தது. குமிழிகளுக்கிடையே வழி திறந்திருப்பதால், அமுக்கினால் காற்று வெளியேறும். எழுந்தால் திரும்பி வந்து நிரம்பும்.