சுறா மனிதனைத் தாக்குவது ஏன்?

நுழையும்முன்

கடலை விரும்பும் மனிதன் அதில் வாழும் சுறாவைக் கண்டு அஞ்சுகிறான். அவ்வச்சத்தில் உண்மை எவ்வளவு, அறியாமை எவ்வளவு என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

அச்சம் பிறந்த கோடை

1916ஆம் ஆண்டு ஜூலை மாதத்தின் முதல் பன்னிரண்டு நாள்களில், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் சுறாத் தாக்குதலால் நால்வர் உயிரிழந்தனர், ஒருவர் படுகாயமுற்றார். இறந்தோருள் இருவர் தாக்கப்பட்டது கடலில் அன்று. மட்டவான் என்னும் ஓடையில். அதுவரை, அப்பகுதிக் கடலில் சுறா மனிதரைத் தாக்காது என்றே அறிஞர் பலர் கருதினர். அந்நம்பிக்கை தகர்ந்ததும் மக்கள் மறு எல்லைக்குச் சென்றனர். சுறாக்களை வேட்டையாடினர், ஓடையில் வெடி வைத்தும் தேடினர். தீங்கற்றதாக எண்ணப்பட்ட உயிர் சில நாள்களிலேயே கொடிய அரக்கனாயிற்று. இவ்விரு எண்ணங்களுமே உண்மைக்குத் தொலைவானவை.

மூன்று இனங்கள்

உலகில் 500க்கும் மேற்பட்ட சுறா இனங்கள் உள்ளன. உயிரிழப்பை ஏற்படுத்தும் தாக்குதல்களுள் பெரும்பாலானவற்றுக்குப் பெருவெள்ளைச் சுறா, புலிச்சுறா, காளைச்சுறா ஆகிய மூன்றே காரணமாகின்றன. காளைச்சுறா நன்னீரிலும் வாழவல்லது. ஆறுகளுக்குள்ளும் நெடுந்தொலைவு செல்லும். ஆதலால், 1916இல் ஓடையில் தாக்கியது காளைச்சுறாவா, பெருவெள்ளைச் சுறாவா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு நிலவுகிறது. மாறாக, மீன்களுள் மிகப்பெரியதாகிய திமிங்கலச் சுறா மிதவை உயிரிகளையும் சிறு மீன்களையும் வடிகட்டி உண்டு வாழ்கிறது.

புலன்களும் பிழையும்

சுறாவின் உடற்பக்கக் கோடு நீரின் அதிர்வை உணர்கிறது. அதன் முகத்தில் உள்ள லோரென்சினி நுண்குழிகள், பிற உயிரிகளின் தசை அசைவில் எழும் மிக நுண்ணிய மின்புலத்தையும் அறிகின்றன. இத்துணைக் கூரிய புலன்கள் இருந்தும் பிழை நேர்வது ஏன்? பல சுறாக்களுக்கு நிறங்களைப் பகுத்தறியும் ஆற்றல் இல்லை. ஒளிமிகுந்த மேற்பரப்பில் நீந்தும் மனிதனின் நிழலுருவம், கீழிருந்து நோக்கும் சுறாவுக்குக் கடல்நாய் போலத் தோன்றக்கூடும். கலங்கிய நீரில் கைகால்களின் துடிப்பு, அடிபட்ட மீனின் துடிப்பை ஒத்திருக்கும்.

புதிய பொருளைத் தொட்டறியச் சுறாவுக்குக் கைகள் இல்லை. அது கடித்தே அறிகிறது. ஒருமுறை கடித்துவிட்டு விலகிச் சென்ற நிகழ்வுகள் பல. எனினும், அந்த ஒரு கடியால் ஏற்படும் குருதியிழப்பே உயிரைப் பறிக்கப் போதுமானது. எல்லாத் தாக்குதல்களும் பிழையால் நேர்வன அல்ல. ஈட்டியால் மீன் பிடிப்போரும், சுறாவைப் பிடிக்கவோ சீண்டவோ முயல்வோரும் தாக்குதலைத் தாமே வரவழைத்துக்கொள்கின்றனர். பெரிய சுறா உணவாகக் கருதியே தாக்குவதும் அரிதாக உண்டு.

யார் யாருக்கு அஞ்சுவது?

சீண்டப்படாமலே சுறாக்கள் தாக்கும் நிகழ்வுகளால் உலகெங்கும் ஆண்டுதோறும் இறப்போர் சராசரியாகப் பத்துப் பேருக்கும் குறைவு. மனிதர்களால் கொல்லப்படும் சுறாக்களோ ஆண்டுக்கு ஏறத்தாழ 10 கோடி என ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். பல சுறா இனங்கள் மெல்ல வளர்ந்து, பல ஆண்டுகளுக்குப் பின்னரே இனப்பெருக்கம் செய்வதால், இவ்விழப்பை அவற்றால் ஈடுசெய்ய இயலவில்லை. வேட்டை விலங்காகிய சுறா குறைந்தால் கடலின் உணவுச் சங்கிலியும் நிலைகுலையும்.

1974இல் 'ஜாஸ்' புதினத்தை எழுதியவர் பீட்டர் பெஞ்ச்லி. மறு ஆண்டே அது திரைப்படமாகி, உலகெங்கும் சுறா பற்றிய அச்சத்தைப் பரப்பியது. அவரே பிற்காலத்தில் சுறாக்களைக் காக்கக் குரல்கொடுத்தார். அன்று எழுதியவாறு அப்புதினத்தை இனி எழுத இயலாது என்றும் கூறினார்.

விடியலிலும் அந்தியிலும் நீந்தாமை, கலங்கிய கழிமுகங்களையும் மீன் திரளும் இடங்களையும் தவிர்த்தல், குருதி கசியும் காயத்துடன் கடலில் இறங்காமை ஆகியவை நம்மைக் காக்கும். கடல் சுறாவின் இல்லம். அங்கு நாம் விருந்தினர். விருந்தினர்க்குரிய பணிவும் விழிப்பும் இருப்பின் இருவரும் வாழலாம்.